பென்சில் போதும்

தலைமையாசிரியர் சொன்னார்:
"கட்டணத்தை மையால எழுதாதே, சிசாலா.
பென்சில் போதும்."
தவணைக்கு ஒரு தொகை என்பது போய்
மாதத்துக்கு ஒன்று ஆகியிருந்தது அப்போது.
லுசாகாவில் குவாச்சாவை இறக்கினால்
லுவான்ஷ்யாவில் நான் ரப்பரைத் தேடுவேன்.

சுற்றறிக்கையில் அதற்குச் செலவுப் பகிர்வு என்று பெயர்.
யார் யாரோடு பகிர்வது என்று போட்டிருக்கவில்லை.
கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில்:
நாடே இடுப்புவாரை இறுக்கும் காலம் இது.
எங்கள் பையன்களுக்கு வார் ஏது?
மூட்டை பிரித்த சணல்கயிறு.
இறுக்கினால் அறுந்துவிடும்.
அறுந்தால், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி
மறு கையால் எழுதுவார்கள்.

மூன்றாவது குழியை மூடிய வாரம்
கபாசோ வந்தார்.
தலையில் இன்னும் சுரங்கத் தொப்பி.
விளக்கை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு பிள்ளைக்கான பணத்தை மேசையில் வைத்தார்.
வாசலில் இரண்டு பிள்ளைகள்:
லோம்பே, லுகோண்டே.
"எல். கபாசோன்னு போடுங்க.
முழுப்பேர் எதுக்கு, இடத்த அடைக்கும்."
நான் நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் சுவரில் போன வருடத்து நாட்காட்டியைப் பார்த்தார்.
போட்டேன்.

திங்கள் அக்காள், செவ்வாய் தம்பி.
இருவருக்கும் ஒரே நோட்டு.
அவள் முன்பக்கத்திலிருந்து எழுதினாள்,
அவன் தலைகீழாகத் திருப்பிப் பின்னிருந்து.
எண்பத்து மூன்று பேருக்கு ஒற்றை ஆசிரியை, நமுகோலோ.
அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?
"எல். கபாசோ" என்பார்.
எந்தக் குரலில் வந்தாலும் "உள்ளேன்" ஒன்றுதானே.
அவருக்கும் மூன்று மாதச் சம்பளம் நிலுவை.
மணி அடித்ததும் பள்ளி வாசலிலேயே
மாவுருண்டை பொரித்து விற்பார்.
ஊருக்கெல்லாம் கடன் உண்டு, எனக்கு மட்டும் கிடையாது.
"கணக்கு எழுதறவன்கிட்ட கடன் வெச்சா
அழிச்சிடுவான்."

வகுத்தலில் ஈவு என்றும் மீதி என்றும்
இரண்டு வரும்.
அந்த வருடம் எப்படிப் போட்டுப் பார்த்தாலும்
ஈவு பூச்சியம்.

கடன் கொடுத்தவர்களின் ஆட்கள்
வெள்ளை வண்டியில் ஒருநாள் வந்தார்கள்.
மரியாதையானவர்கள்,
சேற்றுக்காலோடு உள்ளே வரத் தயங்கினார்கள்.
ஒரு பெண்மணி குனிந்து என் பேரேட்டைப் பார்த்து
எவ்வளவு சுத்தம் என்றார்.
எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.
அதை மறைக்க என்ன இருக்கிறது.

பிறகு ஏழாம் வகுப்புத் தேர்வுப் படிவம் வந்தது.
முழுப்பெயர். கறுப்பு மை. அடித்தல் திருத்தல் கூடாது.
இருவரையும் கூப்பிட்டேன்.
பள்ளிக்குள் அவர்கள் ஒன்றாக நின்றது
அன்றைக்குத்தான்.
"லுகோண்டேன்னு எழுதுங்க" என்றாள் லோம்பே,
வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள் போல.
கொஞ்சம் பொறுத்து,
"அவனுக்குப் பின்னம் மட்டும் இன்னும் வரல.
அத நான் பாத்துக்கறேன்."
தம்பி தன் சணல்கயிற்றின் முடிச்சை
நிமிண்டிக்கொண்டிருந்தான்.
எழுதினேன்.
காயும்வரை ஊதினேன்.

அதே மாதம் எனக்கும் ஒரு கடிதம்.
ஆட்குறைப்புப் பட்டியலில் இருபத்தேழாம் எண்:
எவரிஸ்டோ கபங்கே சிசாலா.
தட்டச்சு. ஓர் எழுத்துப் பிழையில்லை.
அரசாங்கம் என் பெயரை முழுதாக எழுதியது
அதற்கு முன் ஒரே ஒருமுறை,
வேலையில் சேர்ந்த அன்று.

ஒப்படைப்புப் பட்டியல்:
மேசை ஒன்று.
நாற்காலி ஒன்று, கால் ஆடும்.
பேரேடு ஒன்று.
அழித்து எழுதி அழித்து எழுதி
எல். கபாசோவுக்கு நேரே
தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.
அடுத்த பக்கத்துப் பிள்ளை ஒன்றின் பெயரில்
இரண்டு எழுத்து அதன் வழியே தெரிந்தது.
எனக்குப் பதில் ஆள் கிடையாது,
தலைமையாசிரியரே வாங்கிக்கொண்டார்.
பக்கங்களை எண்ணினார்.
சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டார்.
ஓட்டைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.